அக்காவின் வாய்ப்புண்

இறால் பிடிக்க எங்கள் ஆட்களிடம் வலையும் கிடையாது, படகும் கிடையாது. பழவேற்காடு ஏரியில் தண்ணீர் குறைவான இடமாகப் பார்த்து இறங்கி, முட்டி போட்டு ஊர்ந்துகொண்டே சேற்றைக் கையால் துழாவிப் பிடிப்போம். பிடித்ததைப் போட்டுவைக்க ஓலைக் கூடை ஒன்று, பறி என்போம். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். அதனால், என் அக்காவுக்கு இடது கன்னத்தின் உள்ளே புண் வந்தபோது கயிறு உரசியதால் வந்தது என்றே எல்லாரும் சொன்னார்கள். அக்காவும் நம்பினாள். கயிற்றை வலது பக்கமாகக் கடிக்கத் தொடங்கினாள்.

அந்த இடது கன்னத்தில்தான் புகையிலையையும் அடக்குவாள். குளிரும் பசியும் தெரியாமல் தண்ணீரில் கிடக்க அது வேண்டும் என்பாள்.

நாங்கள் இருளர். மீனவர் ஊர் முடிந்து முள்செடி தொடங்குகிற இடத்தில் எங்கள் குடிசைகள். நான் அக்கா வீட்டில் இருந்துகொண்டு பொன்னேரியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

மீன் குழம்பை அக்கா ஒதுக்கியபோதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. குழம்பு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. இப்போது கஞ்சியை மட்டும் குடித்தாள்.

"இன்னாக்கா, சாப்பிட மாட்டேங்கிற?"

"காரம் ஆவல. எரியுது."

வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து வாயைத் திறக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் திறக்க வரவில்லை. உள்ளே வெள்ளையும் சிவப்புமாக, ஓரம் தடித்து ஒரு புண். கன்னத்தை வெளியிலிருந்து தொட்டேன். கல் மாதிரி இருந்தது. அன்று கடையில் துணி அளக்கும்போது இரண்டு தரம் தப்பாகக் கிழித்தேன்.

மருந்துக் கடையில் களிம்பும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறவில்லை. அந்தச் சமயத்தில்தான் மீனவர் ஊர்ப் பள்ளியில் பல் மருத்துவ முகாம் வந்தது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். தார் ரோடு முடிகிற இடத்திலேயே ஆட்டோ திரும்பிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நின்றதால் எனக்குக் காதில் விழுந்தது, எங்கள் குடிசைகளில் யாருக்கும் தெரியாது. அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நின்ற ஒருத்தர், "ஊர்க்காரங்க முடியட்டும், அப்பால வாங்க" என்றார். ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

கடைசியாக எங்களைக் கூப்பிட்ட டாக்டர் ஒரு சின்னப் பெண். அதுவரை எல்லாரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், அக்காவின் தாடைக்குக் கீழே விரல் வைத்து அழுத்தியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"எவ்ளோ நாளா இருக்கு?"

"மழைக்கு முன்னால இருந்து" என்றாள் அக்கா.

டாக்டர் என் பக்கம் திரும்பி, "சென்னைக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த வாரமே. தள்ளிப் போடாதீங்க" என்றார். என்ன வியாதி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா ரயிலில் ஏறியது அதுதான் முதல் தடவை. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டடம், எந்த வரிசை என்று கேட்டுக் கேட்டே பாதி நாள் போனது. புண்ணிலிருந்து சதை எடுத்தார்கள், முடிவு வந்ததும் போன் செய்வதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் கடையில் யாருடைய போன் அடித்தாலும் என் போனை எடுத்துப் பார்த்தேன்.

புற்றுநோய்தான். கழுத்தில் பெரிதாகப் பரவவில்லை, ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா புருஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கத்தி பட்டா உடம்பு பூரா பரவிடும்னு சொல்றாங்களே."

"கத்தி வெக்காம உட்டாத்தான் மாமா பரவும். டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் வந்தேன்."

அக்கம்பக்கத்தில் சேதி பரவியது. பக்கத்துக் குடிசைக்காரி அக்காவுக்குத் தனி டம்ளர் ஒதுக்கினாள். ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் காலையில் அக்காவைக் காணவில்லை. பறியும் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினேன். தூரத்தில் தனியாக ஊர்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போனதும் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். கயிற்றில் ரத்தம்.

"வாய அறுத்துட்டாங்கன்னா பறிய எத்தால கடிப்பேன்? புள்ளைங்களுக்கு யார் சோறு போடறது?"

"கழுத்துல கட்டிக்கினா ஆவாதா? நான் வேலைக்குப் போறேன் இல்ல?"

"செத்துட்டேன்னா?"

தண்ணீருக்குள் அவள் கையைத் தேடிப் பிடித்தேன். "எனக்கும் பயமாத்தான் கீது. வாக்கா, போலாம்" என்றேன். அக்கா எழுந்து, கரையைப் பார்த்து நடந்தாள்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே மாமாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தோம், வேறு யாரையாவது கூப்பிட்டார்கள், உட்கார்ந்தோம். சாயங்காலம் அக்காவை வெளியே கொண்டுவந்தார்கள். முகம் முழுக்கக் கட்டு. விரலை மட்டும் அசைத்தாள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார்.

அப்புறம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார்கள். தினமும் ஏரிக்கரையிலிருந்து சென்னைக்குப் போய்வர முடிகிற காரியமா? ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அக்காவும் மாமாவும் தங்கினார்கள், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். கழுத்துத் தோல் கருகி, இளைத்து, குரல் குழறித் திரும்பினாள். உயிரோடு திரும்பினாள். வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. குழம்பில் சோற்றைக் கரைத்து ஊட்டினால் மெல்ல விழுங்குவாள். பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், டாக்டர் அவள் கழுத்தைத் தடவுகையில் நான் டாக்டர் முகத்தையே பார்ப்பேன்.

ஒருநாள் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தனி டம்ளர் ஒதுக்கிய அந்தப் பக்கத்துக் குடிசைக்காரி வழியில் நின்றாள்.

"எனக்கும் உள்ள வெள்ளையா கீதுடி. வலி இல்ல. கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. எனக்கு என்ன தெரியும்? கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினேன். பஸ் திருப்பாலைவனம் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இருக்காது இல்ல?"

"தெரியலக்கா. காட்டிடலாம்."

அவளுக்குப் புற்று இல்லை. புகையிலையை விடாவிட்டால் அதில் போய் முடியலாம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். விட்டுவிட்டதாகச் சொல்கிறாள். வாயைக் காட்டு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.