துடைக்காத குடில்

ராயபுரத்தில் பனி பெய்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் டிசம்பர் வந்தால் எங்கள் தெருவின் கிறிஸ்து பிறப்புக் குடிலில் பனி பெய்தே ஆக வேண்டும். மருந்துக் கடையில் பஞ்சுச் சுருள் வாங்கிப் பிரித்து, வைக்கோல் கூரையின் மேலும் ஒட்டகத்தின் முதுகிலும் ஒட்டுவோம். ஒட்டகம் நிற்கிற ஊரில் பனி எப்படி வரும் என்று ஒரு வருடம் கேட்டுவிட்டேன். அன்பியத்துப் பெண்கள் அத்தனை பேரும் என்னை முறைத்ததில் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்ட சந்தர்ப்பங்கள் குறைவு என்பதால் அது நன்றாக நினைவில் இருக்கிறது.

அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களின் கூட்டம். வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். ஜெபம் சொல்வோம், பைபிள் வாசிப்போம், அதன் பிறகு குழாயில் தண்ணீர் வராததையும் ரேஷன் கடை பூட்டிக் கிடப்பதையும் பேசுவோம். ஜெபத்தைவிடப் பேச்சு நீளம். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு அன்பியமும் தன் தெருமுனையில் ஒரு குடில் போட வேண்டும், எங்கள் தேவாலயத்துக்கு உட்பட்ட பங்குக்குள் அதற்குப் போட்டியும் உண்டு. எங்களுக்குப் பரிசு கிடைத்ததே இல்லை. காரணம் அந்தப் பஞ்சுதான். ஒட்டிய மூன்றாம் நாளே எங்கள் பனி கறுத்துவிடும்.

தெரு முடிகிற இடத்தில் ஒரு நிலக்கரிக் கிடங்கு இருக்கிறது. லாரிகள் வந்து கொட்டிக்கொண்டே இருக்கும். மேலே கூரை கிடையாது, லாரிகளுக்குத் தார்ப்பாய் கிடையாது. கடல்காற்று அடித்தால் அந்தக் கரி எங்கள் மொட்டைமாடி, கொடியில் காயும் சட்டை, ஊறவைத்த அரிசி, எல்லாவற்றிலும் வந்து உட்காரும். வெள்ளைச் சேலை உடுத்துகிற கன்னியாஸ்திரிகள் எங்கள் தெருவுக்கு வருவதைத் தள்ளிப்போடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

என் கணவர் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கோயில் பாடற்குழுவில் அவர்தான் கனமான குரல். கிறிஸ்துமஸ் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்று அவர் எடுத்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். அந்த மனிதருக்கு இரண்டு மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மருந்தெல்லாம் பிறகு, முதலில் வீட்டை மாற்றுங்கள் என்றார். அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு கையைவிட்டுப் போய்விடும் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

வீடு என்றால் என் கணவரின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கட்டியது. அதில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் என் நாத்தனார், இவருடைய அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கோயிலில் பீடத் துணி வெளுப்பது, பூ மாற்றுவது, மெழுகுவத்தி சுரண்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து பாலன் இயேசுவின் பாதத்தை எல்லோரும் முத்தி செய்யும்போது, ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு வெள்ளைத் துணியால் பாதத்தைத் துடைப்பவரும் அவர்தான். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத விஷயங்களைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

டாக்டர் சொன்னதை வீட்டில் சொன்னபோது என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “நாம இன்னாத்துக்குப் போணும்? தூசுதானே வந்துது, அது போவட்டும்” என்றார். நாத்தனார், “கோயில வுட்டு நான் எங்கியும் வர்ல” என்றார். நான் மட்டும் ஒரு வீட்டுத் தரகரிடம் பேசி வைத்தேன். என் கணவரை உயிரோடு வைத்துக்கொள்வதுதான் எனக்கு முக்கியம்.

போராடாமல் இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். வடசென்னைக்காரர்கள் சத்தம் போடத்தான் லாயக்கு என்று மற்ற பக்கத்துக்காரர்கள் நினைக்கிறார்கள். சத்தமும் போட்டோம், மனுவும் கொடுத்தோம். மளிகைக் கடை அண்ணாச்சி, பள்ளிவாசல் தெருப் பெரியவர்கள், எங்கள் அன்பியம் என்று எல்லோரும் சேர்ந்து லாரியை மறித்தோம். ஒருமுறை அதிகாரிகள் வந்தார்கள். வருவது எங்களுக்குத் தெரியுமுன் கிடங்குக்குத் தெரிந்துவிட்டது. லாரி நின்றது, கரிக்குவியலில் தண்ணீர் பீய்ச்சினார்கள், தரையைக் கூட்டினார்கள். வந்தவர்கள் சுத்தமான காற்றைச் சுவாசித்துவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று குழம்பில் உப்பைக் கொட்டிவிட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் யோசனையும் வந்தது. அந்த வருடம் குடில் கட்டுகிற கூட்டம் எங்கள் வீட்டில். நான் சொன்னேன்: “இந்த வாட்டி பஞ்ச மாத்தவேணாம். எதையும் தொடைக்கவேணாம். கிறிஸ்துமஸ்ல இருந்து புத்தாண்டு தாண்டி வர்ற மூணு ராஜா திருநாள் வரைக்கும் அப்படியே வுடுவோம். நம்ம தெருவுல இன்னா பனி பெய்யுதுன்னு எல்லாரும் பார்க்கட்டும்.”

ஆளாளுக்குப் பேசினார்கள். மாடு கறுத்தால் பரவாயில்லை, ஒட்டகமும் போகட்டும், ஆனால் பாலன்? நாத்தனார் எழுந்தே நின்றுவிட்டார். “மந்திரிச்ச சொரூபம்மே அது. கொயந்தைய கரியில போட்டுகினு உனுக்கு இன்னா போராட்டம்?”

கூட்டத்துக்கு வந்திருந்த பங்குத்தந்தை இளைஞர். நாத்தனாரைப் பார்த்து பயப்படுகிறவர்களில் அவரும் ஒருவர். மெதுவாகச் சொன்னார்: “அம்மா, அவர் பொறந்தது மாட்டுக் கொட்டில்ல. இந்தத் தெருவுல பொறந்தா இந்தத் தெருக் கொழந்தைங்க மாதிரிதானே இருப்பார்?” நாத்தனார் சமையலறைக்குப் போய்விட்டார். அவர் ஒப்புக்கொண்டார் என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம்.

குடில் எழுந்தது. முன்னால் ஒரு பலகையில் ‘இங்கே எதையும் துடைக்கவில்லை’ என்று மட்டும் எழுதி வைத்தோம். கிறிஸ்துமஸ் காலையில் பால் நிறத்தில் இருந்த பனி, புத்தாண்டுக்குள் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்தது. மாதாவின் பக்கத்தில் நிற்கும் சூசையப்பருக்கு மீசை கூடுதலாக முளைத்தது. மாலையில் விளக்கு போட்ட பிறகு பார்க்க வருகிறவர்கள் கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. கல்மண்டபத்து மீன்காரம்மாக்கள் கூடையோடு வந்து நின்றார்கள். எர்ணாவூரிலிருந்து ஒரு குடும்பம் பஸ் ஏறி வந்து, எங்கள் பக்கமும் இதே கதைதான் என்றது. அண்ணாச்சி தன் கடை வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். இந்துவான அவர், ராஜாக்களின் பெயரை என்னைவிடச் சரியாகச் சொன்னார். மாட்டுக்கும் மாதாவுக்கும் ஒரே நிறம் வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. பாலனின் முகத்திலும் மாலைக்குள் சாம்பல் பூத்திருக்கும்.

விஷயம் பரவி, மாசு பார்க்கிற அதிகாரி மூன்று ராஜாக்கள் திருநாளன்று பூசை முடிந்ததும் வருவதாகச் சொன்னார். கிடங்கும் அதைக் கேட்டுவிட்டது. திருநாளுக்கு இரண்டு நாள் முன்பே லாரி நின்றது, தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. பீய்ச்சட்டும், பஞ்சை என்ன செய்வார்கள் என்று நான் இறுமாப்போடு இருந்தேன். ஆள் திரட்டுகிற அலைச்சலில் அந்த இரண்டு நாளும் குடில் பக்கம் போகவில்லை.

அன்று பூசை முடிந்து தெருமுனைக்கு வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுத்த வைக்கோல், கறுத்த பஞ்சு, நடுவில் பாலன் மட்டும் இப்போதுதான் குளிப்பாட்டித் தொட்டிலில் போட்டதுபோல் பளபளவென்று படுத்திருக்கிறார். தேங்காய் எண்ணெய் வாசனை வேறு. தெருவில் எண்ணெய் போட்டுச் சொரூபம் துடைக்கிற ஆள் ஒருவர்தான்.

“அண்ணி, நீங்க தொடச்சீங்களா?”

அவர் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

“இன்னிக்குத்தானா? இல்ல தெனமுமா?”

“தெனமுந்தான். காலப்பூச முடிஞ்சதும். சாயங்காலத்துக்குள்ள மறுபடி கரி புடிச்சிக்கும், அதான் உங்களுக்குத் தெரில. இந்த ரெண்டு நாளா புடிக்கல. அந்த மூஞ்சியோட வுட்டுட்டு வந்தா எனக்கு சோறு எறங்கலமே.”

நான் கத்தினேன். உங்கள் தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார், உங்களுக்குச் சொரூபத்தின் மூஞ்சிதான் பெரிதா என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்தியதற்கு இன்றுவரை எனக்கு வருத்தம் கிடையாது. கத்தாமல் இருந்திருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

அதிகாரி வந்தார். கூடவே கிடங்கின் சூப்பர்வைசரும் வந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அவர் குடிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சார், கொழந்தை மட்டும் சுத்தமா இருக்கு. மத்ததெல்லாம் கறுப்பு. காத்துல வந்த தூசு ஆள் பார்த்தா விழும்? இவங்களே கரியைத் தூவியிருக்காங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்து இருமலில் மாட்டிக்கொண்டார். அந்த இருமல் நிற்கிற வரைக்கும் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம். எல்லாம் போயிற்று, தரகருக்கு ஃபோன் போட வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. திரும்பிப் பார்த்தால் நாத்தனாரைக் காணவில்லை. அழ வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

அவர் துண்டில் கட்டிய ஒரு மூட்டையோடு திரும்பி வந்தார். குடிலைச் சுற்றிக் கட்டியிருந்த மூங்கில் தட்டியில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். எல்லாம் பாலனைத் துடைத்த துணிகள். கையகல வெள்ளைத் துணி, நாளுக்கு ஒன்று. மந்திரித்த சொரூபத்தில் பட்ட துணியைக் குப்பையில் போடக் கூடாது, கண்ட தண்ணீரிலும் அலசக் கூடாது. பழைய குருத்தோலையை எடுத்து வைத்து, நெற்றியில் சாம்பல் பூசும் திருநீற்றுப் புதனுக்கு எரிப்பதுபோல, இவற்றையும் எரிப்பதற்காக அவர் அடுக்கி வைத்திருந்தார். முதல் நாள் துணி அடியில், இன்றைய துணி மேலே. கத்தோலிக்கர்களான எங்களுக்கு இந்த வழக்கம் புதிதல்ல, ஆனாலும் அவர் துணிகளை வைத்திருப்பார் என்று எனக்கே தோன்றவில்லை.

முதல் நாள் துணி கிடந்த முனையிலிருந்து வரிசையாகக் கறுப்பு. ஒவ்வொரு துணியிலும் ஒரு குழந்தையின் நெற்றியும் கன்னமும் அளவுக்குக் கறுப்பு. கடைசி இரண்டு மட்டும் வெள்ளை, எண்ணெய்க் கறையோடு.

அதிகாரி தட்டியை ஒட்டியே நடந்தார். ஒரு துணியைத் தொட்டு விரலைப் பார்த்தார். “கடைசி ரெண்டு ஏன் இப்படி இருக்கு?” என்று நாத்தனாரைக் கேட்டார்.

“எனக்கு இன்னா தெரியும்? நான் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் தொடச்சேன்.”

அண்ணாச்சிதான் தெருவில் நின்றபடி சொன்னார்: “அந்த ரெண்டு நாளா லாரி வரலைங்க சார்.”

தெருவில் இருந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். சூப்பர்வைசர் சட்டையில் எதையோ தட்டிவிட்டுக்கொண்டார். எனக்கு அப்போது வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஊர்வலம் போயிருக்கிறேன், கோஷம் போட்டிருக்கிறேன், மெழுகுவத்தி பிடித்திருக்கிறேன். ஒரு பெண்ணின் பக்தி இப்படி நிமிர்ந்து நிற்பதை நான் பார்த்ததில்லை. அதுவும் எங்கள் வீட்டுப் பெண். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அவர் விட மாட்டார்.

அதிகாரி துணிகளைப் பரிசோதனைக்குக் கேட்டார். நாத்தனார் கொடுக்க மறுத்தார். “ஆபீஸ்ல குப்பையில போட்டுடுவீங்க சார்.” போட மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகு, பாதியைப் பிரித்து அந்தத் துண்டிலேயே கட்டி, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்த மனிதர் அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஜீப் வரைக்கும் நடந்தார். நாத்தனார் பின்னாலேயே போய், ஜீப்பில் காலடியில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

எல்லாம் மறுநாளே நடந்துவிடவில்லை. பலமுறை அலைந்தோம். பள்ளிவாசல் தெருக்காரர்களும் அண்ணாச்சியும் எங்களோடு வந்தார்கள். கடைசியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் வந்தது, கரிக்குவியலுக்கு மேல் தகரக் கூரை வந்தது, கடல் பக்கம் உயரமாகத் தடுப்பு எழுந்தது. மழைக்காலமும் வந்து போனது. நாங்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. தரகர் ஃபோன் செய்தபோது எடுத்தவர் நாத்தனார். என்ன சொன்னார் என்று தெரியாது, பிறகு அவர் கூப்பிடவே இல்லை.

அடுத்த கிறிஸ்துமஸில் என் கணவர் ‘உன்னதங்களிலே’ எடுத்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். பாடற்குழுவே அவருக்காக நின்றது. பிறகு கடைசி வரை பாடினார்.

புத்தாண்டன்று காலை குடிலில் நாத்தனார் என்னிடம் ஒரு புதுத் துணியை நீட்டினார். “நீ தொடைமே” என்றார். அவர் அந்த வேலையை யாரிடமும் கொடுத்ததில்லை. நெற்றி, கன்னம், பாதம் என்று பயந்து பயந்து துடைத்தேன். துணியை விரித்தேன். லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

“பரவால்லியே அண்ணி” என்றேன்.

அவர் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வீட்டுப் பக்கமிருந்து என் கணவர் இருமுகிற சத்தம் கேட்டது. பழைய இருமல் அல்ல, ஆனாலும் இருமல்.

“இன்னும் கீது” என்றார் நாத்தனார். துணியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். “அந்த ஆபீசரு நம்பர் உன்கிட்ட கீதுல்ல? போடு.”