படகோட்டி அனுப்பிய மூச்சு

எங்கள் வீட்டுப் படுக்கையறையில் மின்விசிறி நிற்பதே இல்லை. மார்கழி மழையில் நான் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாலும், என் கணவர் அதை முழு வேகத்தில் சுற்றவிட்டுத்தான் படுப்பார். இரவில் கரண்ட் போனால் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். சூட்டு உடம்பாக்கும் என்று நினைத்து, கலியாணம் கட்டிய நாளிலிருந்து வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுத்து வந்தேன். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

மகள் ஏ.எல். சோதனை எழுதி முடித்ததும், திருகோணமலைக்குப் போய்ச் சின்னப் படகில் திமிங்கிலம் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கும் ஆசைதான். கரவெட்டியில் கந்தோர் வேலையும் வீடுமாக ஓடியோடிக் களைத்திருந்தேன். இவர்தான் வாய் திறக்கவில்லை. கடலில் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். இப்போது குழாயும் ஆணியும் விற்கிறார். கடற்கரைப் பக்கம் ஒரு கலியாண வீடென்றாலும் வரமாட்டார். சண்டை நின்ற சமாதான காலத்தில், தடை போட்டிருந்த கடலைத் திறந்துவிட்ட புதிதில் இவரும் தமையனும் தொழிலுக்குப் போனார்கள், தமையன் திரும்பவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவும்தான். ஆண்டுத் திவசத்துக்குச் சமைக்கிறவள் நான். ஆனால் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

அவர் கரையில் நிற்கட்டும், நாங்கள் போய் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். நான் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி. பஸ்ஸா வானா, தங்குமிடத்தில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா, படகு ஆட்டத்தில் வரும் சத்திக்கு எலுமிச்சம்பழம் போதுமா குளிசையும் வேண்டுமா என்று எல்லாவற்றையும் நானே பார்த்தேன். மகள் ஒரு படகோட்டியைப் பிடித்தாள். நல்ல மனிதர், என்ன கேட்டாலும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக மறுமொழி அனுப்புவார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் இல்லை. விறாந்தையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படகோட்டியிடமிருந்து ஒரு பதிவு வந்தது. காலையில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிடித்த திமிங்கிலச் சத்தம் என்றார். முதலில் தண்ணீர் படகில் தட்டுவது கேட்டது. பிறகு ஒரு மூச்சு. நீளமாக, ஈரமாக, ஓடிக் களைத்த ஒரு ஆள் பக்கத்தில் நின்று மூச்சு விட்டதைப் போல. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திரும்பவும் அதே மூச்சு.

இவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. திரும்பப் போடச் சொன்னார். மகள் போட்டாள். மூன்றாம் தரம் கேட்டபோது இவருடைய உதடுகள் அசைந்தன.

"நிக்கிறியோ அண்ணை?"

மகள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே இவர் முதல் தடவையாக முழுவதையும் சொன்னார். எஞ்சின் நின்று, நீரோட்டம் படகை ஆழக்கடலுக்கு இழுத்துப் போயிருக்கிறது. இருள் கவிகிற மைமல் பொழுதில் எஞ்சின் கயிற்றை இழுக்கக் குனிந்த தமையனை ஒரு அலை தட்டி விழுத்தியது. இருட்டில் ஆளைக் காணவில்லை. இவர் கூப்பிட, மூச்சுக் கேட்டது. அந்தப் பக்கம் கயிற்றை எறிந்தார்; ஒருவரும் பிடிக்கவில்லை. திரும்பக் கூப்பிட, படகின் மற்றப் பக்கத்தில் மூச்சு. விடிய விடியக் கயிறு எறிந்திருக்கிறார், விடிய விடியக் கதைத்திருக்கிறார். கிழக்கு வெளிக்கிற நேரம் மூச்சு நின்றது. பார்த்தால் வெறும் கடல். விடியும்வரை அண்ணைக்கு உயிர் இருந்தது, என்னால் தூக்க முடியவில்லை என்றுதான் ஊருக்கு வந்து தாயிடம் சொன்னாராம். அந்த விடியற்காலைத் திதியில்தான் இத்தனை வருடமும் திவசம் செய்கிறோம்.

திமிங்கிலம் படகுக்குப் பக்கத்தில் அப்படி நிற்குமா என்று மகள் படகோட்டியிடம் கேட்டாள். எஞ்சின் நின்றால் சிலது கிட்ட வந்து கிடக்கும், கனநேரம் விலகிப் போகாது என்று மறுமொழி வந்தது. எங்கள் பக்கக் கடலில் ஆழமில்லை, திமிங்கிலம் கரைப்பக்கம் வராது. அந்த இரவுவரை இவர் திமிங்கிலத்தைக் கண்ணால் கண்டதுமில்லை, அதன் மூச்சைக் கேட்டதுமில்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருடமும் மனிதன் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்திருக்கிறார், இராவில் மூச்சுச் சத்தம் கேளாமலிருக்க மின்விசிறியைச் சுற்றவிட்டிருக்கிறார், நான் வெந்தயம் ஊறப்போட்டிருக்கிறேன்!

"இஞ்சருங்கோ, அண்ணை விழுந்த உடனையே செத்துப்போட்டார். நீங்கள் கைவிடேல்லை," என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அந்த இரா முழுக்க நான் தனியவோ இருந்தனான்?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. அறைக்குள் மின்விசிறி சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டு எழும்பிப் போனார், அதை நிற்பாட்டினார், கையைக்கூடக் கழுவாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாசலில் நின்றேன். படுத்திருந்து அவர் விடுகிற மூச்சை, கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில், அன்றைக்குத்தான் கேட்டேன். நீளமாக ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

எத்தனை பேர் வருகிறோம் என்று படகோட்டி கேட்கிறார் என மகள் மெல்லச் சொன்னாள். பயணத்தையே விட்டுவிடுவோம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"மூண்டு பேர் எண்டு சொல்லு," என்றார் இவர், திரும்பாமலே. "அண்டைக்கு என்னோடை நிண்டது ஆர் எண்டு நான் போய்க் கேக்கவேணும்."

மகள் மூன்று பேர் என்று அனுப்பினாள்.