ஒரே பெயர், இரண்டு கட்டில்கள்

ஒரு பெயரைக் கொண்டு ஒரு மனிதரை உறுதியாக அடையாளம் சொல்லிவிட முடியுமா? சிவகாசியில் காலண்டர் அச்சிடும் கம்பெனி ஒன்றில் வாசகங்கள் எழுதும் வேலைக்கு வந்த பிறகுதான் இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது. அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விருதுநகர் மொத்த வியாபாரி ஒருவர் கொடுத்த ஆர்டர் அது. காலஞ்சென்ற தம் தந்தையின் நினைவாக ஒரு மாதக் காலண்டர் வேண்டும் என்றார். தந்தையின் பெயரையே கொண்ட பிரபலங்கள் பன்னிரண்டு பேர், மாதத்துக்கு ஒருவராக, படத்தோடும் நாலு வரிக் குறிப்போடும் வர வேண்டும். “எங்க அப்பா பேரு சும்மா பேரு இல்லைன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியணும்மா.”

எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. தேடத் தேட ஆட்கள் கிடைத்தார்கள். ஒரு நீதிபதி, ஒரு நாகசுரக் கலைஞர், ஒரு நெடுந்தூர ஓட்டக்காரர், ஒரு கண் மருத்துவர், நாட்டு விதைகளைச் சேகரித்த ஒரு விவசாயி. ஒருவரையொருவர் அறியாதவர்கள். அவர்களுடைய படங்களை மேசையில் பரப்பியபோது, ஒரே ஆள் வெவ்வேறு முகங்களோடு என்னைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் தோன்றி மறைந்தது. ஒவ்வொருவரைப் பற்றியும் ‘ஒப்பற்றவர்’ என்று எழுதி வைத்தேன்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இந்த வட்டாரத்தில் பலருக்கு அது குலசாமியின் பெயர். மூத்த மகனுக்கு அதைத்தான் வைப்பார்கள். தெருவில் நின்று அழைத்தால் நாலு வாசல்களில் தலை தெரியும்.

மாதிரித் தாள்களை எடுத்துக்கொண்டு, காலண்டருக்குத் தகரப்பட்டை பொருத்தும் பெண்களிடம் மதிய இடைவேளையில் போனேன். அவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அம்புட்டுப் பேரும் பெரிய ஆளாக்கும்?” என்றார் ஒருவர். “எங்க தெருவுலயும் இந்தப் பேர்ல ஒருத்தர் இருக்காக. படுத்தாகன்னா நாய் வந்து எழுப்பணும்.”

“அவுக படத்தையும் போடுங்கக்கா, ஞாயித்துக்கிழமை பக்கத்துல” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். அச்சங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவர் மதியம் சாப்பிட மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் தூக்குச் சட்டியை மூடியபடியே வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார். அவருடைய கணவர் பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர் என்பதற்கு மேல் நான் எதுவும் கேட்டதில்லை. அவர் என்னைத் தனியாக அழைத்தார்.

“அந்தப் பேர ஒருக்கா வாசிங்கக்கா. கேக்கணும்போல இருக்கு.”

வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கணவர் பெயரை மனைவி சொல்லாத வழக்கம் அவர் வீட்டில் உண்டு. கணவர் போன பிறகு அவர் காதுபட அந்தப் பெயரைச் சொல்ல மற்றவர்களும் தயங்கினார்கள்.

பிறகு நடந்ததைச் சொன்னார். ஆலையில் ஒரே அறையில் அந்தப் பெயரில் இரண்டு பேர். அதனால் அங்கே யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இவருடைய கணவர் ‘அச்சங்குளத்தார்’, மற்றவர் ‘தாயில்பட்டியார்’. மதியச் சாப்பாட்டுக்கு முன் வெடித்தது. இருவரையும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஊர்ப்பெயர் எதுவும் கூட வரவில்லை. ஒரே பெயரில், முகம் முழுக்கக் கட்டுப் போட்ட இரண்டு பேர் வெவ்வேறு அறைகளில் கிடந்தார்கள். இவரோடு போன பக்கத்து வீட்டுக்காரர், இவருடைய கணவரின் பெயரைச் சொன்னதும் ஓர் அறையைக் காட்டினார்கள்.

“ஏங்கன்னு கூப்பிட்டேன். ம்முன்னாக. கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். பொழச்சுக்கிடுவீகன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

பின்னால் வந்த தாயில்பட்டிப் பெண்ணை மற்ற அறைக்கு அனுப்பினார்கள். மாலையில் அந்த அறையிலிருந்தவர் இறந்துபோனார். உடலைத் துணியில் பொதிந்து எடுக்கும்போது தாயில்பட்டிக்காரருடைய தம்பி காலைப் பார்த்துவிட்டு, “இது எங்கண்ணன் காலு இல்ல” என்றார். அந்தப் பேச்சு நடைவழியைக் கடந்து வந்தபோது, இவர் இன்னும் அந்நியர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டதும் என் படித்த மனம் உடனே வழக்கத்தைக் குற்றம் சாட்டியது. பெயரைச் சொல்லி அழைத்திருந்தால் தெரிந்திருக்குமே என்று நினைத்தேன். மேசைக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது: பெயரைச் சொல்லி அழைத்திருந்தாலும் அவர் ‘ம்’ என்றுதான் சொல்லியிருப்பார்.

அச்சங்குளத்துப் பெண்ணை வாட்டியது ஒன்றே ஒன்றுதான். கணவர் கடைசியாக என்ன சொன்னார் என்பதை அறிந்த ஒரே ஆள் அந்தத் தாயில்பட்டிப் பெண். அவரிடம் போய்க் கேட்க இவருக்குத் துணிவில்லை.

“எமன் பேரப் பாத்து ஆள மாத்திப் பிடிச்சுட்டான்னு ஊர்ல பேசுதாக. நான் போயி வாசல்ல நின்னா, உசுரத் திருப்பிக் கேக்க வந்திருக்கான்னு நெனைக்க மாட்டாகளா?”

போகலாம் என்று நான் உடனே சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒருவர் பிழைத்திருக்கிறார். அவர் பிழைத்ததை நாம் குற்றமாக்கிவிடக் கூடாது. காதில் விழக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டு இவர் திரும்ப வேண்டியும் வரலாம். பல நாள் யோசித்தேன். காலண்டர் அச்சுக்குப் போவதற்கு முந்தைய வாரத்தில் அவரே வந்தார். “இன்னும் ஒரு வாரத்துல இந்தப் பேர தெனமும் ஆயிரம் தடவ கையில எடுத்து அடுக்கணும். இனிக் கேக்காம இருக்க முடியாதுக்கா. கூட வாங்க.”

தாயில்பட்டியில் கதவைத் திறந்தவர் அந்தப் பெண்தான். என்னோடு வந்தவரை அடையாளம் கண்டார். ஒதுங்கி வழிவிட்டார். உள்ளே நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். கழுத்துத் தோல் இழுத்துப் பிடித்திருந்ததால் உடம்பையே திருப்பித்தான் எங்களைப் பார்த்தார்.

“வாங்க தாயி” என்றார். “அன்னைக்கிக் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நீங்கதான். எம் பொண்டாட்டின்னு நெனச்சுத்தான் உசுரப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”

என்னோடு வந்தவர் தலையை மட்டும் அசைத்தார். அந்தப் பெண்ணைப் பார்த்து, “அங்கன அவுக ஏதாச்சும் சொன்னாகளா?” என்று கேட்டார்.

அந்தப் பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். இந்தக் கேள்விக்காகவே அவரும் இத்தனை காலம் பயந்திருந்தார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

“தண்ணி கேட்டாக. துணிய நனச்சு உதட்டுல வச்சேன். பொறவு... சாப்பிட்டியான்னு கேட்டாக.”

“யார?”

“உங்களத்தான். நான்தான் அங்கன இருந்தேன். சாப்பிட்டேன்னு சொன்னேன். சரின்னுட்டு ஒறங்குன மாரி இருந்தாக. பொறவு முழிக்கல.”

சுவரில் போன வருடத்துக் காலண்டர் ஒன்று காற்றில் லேசாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தபடியே சொன்னார்:

“பொய் சொல்லிட்டேன் தாயி. காலையில இருந்து நானும் பச்சத் தண்ணி குடிக்கல.”

“பொய் இல்ல” என்றார் என்னோடு வந்தவர். “நான் வந்திருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்.”

அவர்கள் எங்களை உண்ணாமல் விடவில்லை. நாற்காலியில் இருந்தவருக்கு அவர் மனைவி, “ஏங்க, இந்தாங்க” என்று தட்டை நீட்டினார். அவர் “ம்” என்றார். என் பக்கத்தில் இருந்தவரின் கை சோற்றில் அப்படியே நின்றது. பிறகு ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வெம்பக்கோட்டை தாண்டிய பிறகு, “அந்தக் குரல் அவுக குரல் மாரியே இல்லக்கா” என்றார். “அன்னைக்கி எப்படித் தெரியாமப் போச்சு?”

காலண்டர் பன்னிரண்டு பேரோடும் வெளிவந்தது. பதின்மூன்றாவதாக அச்சங்குளத்தாரைச் சேர்க்க நான் நினைத்ததும் உண்டு. வியாபாரியின் பரிசுப் பொருளில் அவரை மாட்டிவைப்பது சரியல்ல என்று விட்டுவிட்டேன். குறிப்புகளில் இருந்த ‘ஒப்பற்றவர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊரையும் செய்த வேலையையும் மட்டும் எழுதினேன்.

தகரப்பட்டை பொருத்தும் பிரிவில் அச்சங்குளத்துப் பெண் இப்போது மதியத்தில் ஜன்னலோரம் நிற்பதில்லை. மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.