கரையில் மிஞ்சுகிறவர்

ஏற்காடு ஏரியில் ஒரு குடும்பம் படகேறினால் கரையில் ஒரு பெண் மிஞ்சுவாள். தோளில் ஒரு பை, கையில் இன்னொரு பை, இடுப்பில் ஒரு குழந்தை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தலைச்சோலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மரியபுஷ்பம் அவளைத்தான் தேடுவார். கண்ணில் பட்டதும் நேரே போய் எதிரில் நிற்பார். "ஏனுங்க, நீங்க போட்ல போகலீங்களா? கொழந்தைய நான் வெச்சிருக்கறனுங்க. நீங்க போயிட்டு வாங்க."

முன்பின் தெரியாதவரிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? அந்தப் பெண் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு, தனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பாள். மரியபுஷ்பம் அதை ஒருநாளும் நம்பியதில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் பக்கத்து சீட்டுக்காரரிடம் பொருமுவார். "பயமாம் பயம். அது யாரோ ஊட்டு அக்காளுங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்களே."

தெரியும்தான். இவரும் ஒரு வீட்டு அக்காள். ஐம்பதை நெருங்குகிறார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காப்பி எஸ்டேட் ஒன்றின் குழந்தைக் காப்பகத்தில் ஆயா வேலை. பழம் பறிக்கப் போகும் பெண்கள் காலையில் விட்டுப்போகிற பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டி, கால் கழுவி, தூளி ஆட்டி, சண்டை தீர்த்து வைப்பார். பஸ்ஸில் எந்தக் குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலும் இவருடைய முந்தானை தானாக நீளும். டவுனிலிருந்து வந்த அம்மாக்கள் சிலர் முறைத்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் அவர் கவலைப்படுகிறவர் இல்லை. சாப்பிடுவது நின்றுகொண்டேதான், அதுவும் அடுப்புக்கும் தூளிக்கும் நடுவில். உட்கார்ந்தால் யாராவது ஒருவன் எழுந்துகொள்வான் என்பது அவருடைய அனுபவம்.

காப்பகத்தில் அவர் வைத்திருக்கும் ஒரு வழக்கத்தைக் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர்கூட மாற்றத் துணிந்ததில்லை. சாயங்காலம் வேலை முடிந்து மணி அடித்தால், பிள்ளைகளை முகம் துடைத்து, முன்னால் நிற்பவன் சட்டையைப் பின்னால் நிற்பவன் பிடிக்கச் சொல்லி, வரிசையாக வாசலுக்கு நடத்தி வருவார். ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பெற்றவள் கையில் வைத்து, என்ன சாப்பிட்டது, எத்தனை நேரம் தூங்கியது, உடம்பு சுட்டதா என்று சொல்லி ஒப்படைப்பார். அக்காவிடம் அனுப்புவது, பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து விடுவது எதுவும் கிடையாது. மாதம்மாள் என்ற பெண் ஒருநாள் மூட்டையை எடை போட்டுவிட்டு வருகிறேன், இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். "மூட்டைய ரைட்டர் பாத்துக்குவாருங்க. புள்ளையப் புடிங்க" என்றாராம். மணிக்கு அப்புறம் தான் ஆயா இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

இப்படிப்பட்டவரைத்தான் தம்பிகள் அந்தமானுக்குக் கூட்டிப்போனார்கள்.

பெரியவன் செபாஸ்டின் பெங்களூரில் கம்பெனி உத்தியோகம், சின்னவன் ஜெப்சன் சேலத்தில் செல்போன் கடை. இருவரையும் இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அக்காதான். போன கோடையில் செபாஸ்டின் வீடு தேடி வந்து சொன்னான். "அக்கா, எத்தனை நாளைக்கு ஊரான் பிள்ளைக்கு மூக்கு துடைப்பீங்க? வாங்க, எல்லாரும் அந்தமான் போறோம். உங்களுக்கு ஒரு வேலையும் கெடையாது. கடலைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருங்க." மரியபுஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கடலை அவர் வேளாங்கண்ணியில் ஒருமுறை பார்த்திருக்கிறார். அன்று இடுப்பில் ஜெப்சன் இருந்ததால் கால் நனைந்ததோடு சரி. லீவு கேட்கப் போனபோது ரைட்டரிடம் வெட்கப்படாமல் சொன்னார். "ஒருவாட்டி முழுசா நனையோணுங்க. எனக்கு அவ்வளவுதான்."

சென்னையில் விமானம் ஏறும்போது செபாஸ்டின் மனைவி ஷெர்லின், "அண்ணி, ஒரு நிமிஷம்" என்று நான்கு வயது சாராவை இவர் மடியில் வைத்தாள். போர்ட் பிளேயரில் இறங்கிய பிறகும் அந்த ஒரு நிமிஷம் முடியவில்லை. அங்கிருந்து கப்பலேறித் தீவுக்குப் போவதற்குள் சாராவோடு அவள் தம்பிக் கைக்குழந்தையும், ஜெப்சனின் இரட்டைப் பயல்களும் சேர்ந்துகொண்டார்கள். ஷெர்லினின் அப்பா தேவசிகாமணி வேறு கூட வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அவருக்கு மணிக்கொரு தரம் வெந்நீர் வேண்டும், அதையும் மரியபுஷ்பத்திடம்தான் கேட்க வேண்டும்.

ரிசார்ட் வரவேற்பில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். கணக்குப் பார்த்துவிட்டு, "இவங்க கூட வந்த ஆயாங்களா சார்?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, இரண்டு தோளிலும் பிள்ளையோடு நிற்கிறவரை வேறு என்னவென்று நினைப்பாள்? செபாஸ்டின் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எங்க அக்கா என்று இரண்டே வார்த்தை. அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, பிள்ளைகளோடு தங்குவதால் கூடுதலாக ஒரு மெத்தை போட்டால் போதும் என்றான். நாலு குழந்தைகளும் ஒரு அறையில், தரையில் மெத்தை போட்டு மரியபுஷ்பம். குழந்தைகளுக்கு அத்தை பக்கத்தில் படுத்தால்தான் தூக்கம் வருமாம். இந்தக் கண்டுபிடிப்பு ஷெர்லினுடையது.

மறுநாள் காலையில் எல்லோரும் ஒரே மாதிரி நீல பனியன் போட்டுக்கொண்டு வந்தார்கள். முதுகில் குடும்பப் பெயரை அச்சடித்திருந்தார்கள். கைக்குழந்தைக்குக்கூட ஒன்று, தேவசிகாமணிக்குக்கூட ஒன்று. அக்காதான் புடவை கட்டுகிறவர் ஆயிற்றே என்று அவருக்கு அடிக்கவில்லை. அடித்துத்தான் கொடுத்துப் பார்க்கட்டுமே, போடுவதும் போடாததும் அவர் இஷ்டம் இல்லையா? அந்த பனியன்களோடு எடுத்த படம் அத்தனையும் மரியபுஷ்பம் எடுத்ததுதான். போனை அவர் கையில் கொடுத்து எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுப்பதில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

கண்ணாடித் தரை வைத்த படகில் பவளப்பாறை பார்க்கப் போனபோது கைக்குழந்தைக்கு வெயில் ஆகாது என்று அவர் கரையில் இருந்தார். அடுத்த நாள் இரட்டையரில் ஒருவனுக்கு ஜுரம். அதற்கடுத்த நாள் தேவசிகாமணிக்கு வயிறு சரியில்லை. ஒவ்வொரு நாளும் ஈரத் தலையோடு திரும்பி வந்து ஜெப்சன் சொன்னான். "நாளைக்கு நீங்க போங்கக்கா. நாங்க பாத்துக்கறோம்." சொல்லும்போது அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருப்பான். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவர்கள் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

ஊர் திரும்ப ஒரே ஒரு நாள் பாக்கி. காலை இட்லிக்கு உட்கார்ந்தபோது மரியபுஷ்பமே வாய்விட்டுக் கேட்டார். "செபா, நான் இன்னும் தண்ணியில எறங்கலயே சாமி." செபாஸ்டின் பதறினான். "ஐயோ, ஆமாக்கா. மத்தியானம் கண்டிப்பா நீங்க எறங்கறீங்க."

மத்தியானம் வந்தது. அவர்கள் எல்லோரும் கடலில் ஊறிவிட்டு வந்து, மர நிழலில் நாற்காலி போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மரியபுஷ்பம் சற்றுத் தள்ளி மணலில் பிள்ளைகளோடு இருந்தார். எழுந்து இரண்டு தரம் தம்பிகள் பக்கம் பார்த்தார். ஷெர்லின் கையை ஆட்டினாள், அண்ணி இன்னும் கொஞ்ச நேரம் என்று. தேவசிகாமணி வெந்நீர் கேட்டார். வெயில் தாழ்ந்துகொண்டே போயிற்று. அப்போது ரிசார்ட் ஆள் ஒருவர் டீ தயார் என்று வாசலில் தொங்கிய மணியை அடித்தார்.

மரியபுஷ்பம் முந்தானையை உதறிச் செருகினார். பிள்ளைகளின் முகத்தைத் துடைத்தார். இரட்டையரை ஒருவன் பின்னால் ஒருவனாக நிறுத்தி, அவர்கள் முன்னால் சாராவை நிறுத்தி, சட்டையைப் பிடிக்கச் சொன்னார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாற்காலிகளின் எதிரே வந்து நின்றார்.

"சாராங்க" என்றார் ஷெர்லினிடம். "மத்தியானம் ரெண்டே வாய்தான் சாப்புட்டுச்சு. சளி இருக்குது. தம்பி இப்பத்தான் முழிச்சானுங்க, பசிக்கும். புடிங்க."

ஷெர்லின் சிரித்தாள். ஒரு கையில் இளநீர், மற்றதில் போன். "என்ன அண்ணி, வெளையாடறீங்களா?"

"ரெண்டையும் கீழ வெச்சுட்டுப் புடிங்க. கை ஈரமா இருந்தாத் தொடச்சுக்கங்க."

அந்தப் புடிங்க, தொடச்சுக்கங்கவில் ஷெர்லினின் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணு என்றே கூப்பிட்டுப் பழகியவர், எஸ்டேட் பெண்களிடம் பேசுகிற மரியாதையில் தன்னிடம் பேசினால் அது மரியாதையா என்ன? பிள்ளையை வாங்கிக்கொண்டாள். மரியபுஷ்பம் ஜெப்சனிடம் திரும்பினார். "இவனுக்கு ஜுரம் விட்டிருச்சுங்க. அவன் வெளிக்குப் போகல, வாழப்பழம் குடுங்க. உங்க புள்ளைங்க. புடிங்க." ஜெப்சன் மனைவியைப் பார்த்தான். அவள் எழுந்து வந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா இது, நம்ம பசங்க தானே? ஆயா மாதிரி..." என்று ஆரம்பித்த செபாஸ்டின் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"ஆயாதானுங்களே. அன்னைக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப நீங்களும் இல்லைன்னு சொல்லல. மணி அடிச்சாச்சுங்க. நான் போறேன்."

அவர் நடந்தார். கைக்குழந்தை வீரிட்டது. அதைப் பார்த்து சாரா அழுதாள், சாராவைப் பார்த்து இரட்டையர் அழுதார்கள். பால் பாட்டில் எந்தப் பையில் இருக்கிறது என்று ஷெர்லினுக்குத் தெரியவில்லை. "ஏம்மா, கொழந்தைங்க அழுவுதே" என்று தேவசிகாமணி ஹெட்மாஸ்டர் குரலில் கூப்பிட்டார். "பெத்தவங்க இருக்காங்களேங்க சார்" என்று நடந்தபடியே பதில் வந்தது.

கணுக்கால் வரை தண்ணீர் வந்ததும் அவர் நின்றார். பிள்ளை அழுதால் திரும்பாமல் இருக்க அந்தக் கழுத்துக்குத் தெரியாது. பழக்கம் அப்படி. அழுகைகளுக்கு நடுவே சாராவின் குரல் தனியாகக் கேட்டது. "அத்தே, அத்தே." பின்னாலேயே ஜெப்சன் கத்தினான். "அக்கா, சாரா அடங்க மாட்டேங்கறா. ஒரே ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்கக்கா."

மரியபுஷ்பம் திரும்பவில்லை. முழங்கால் ஆழத்துக்கு நடந்தார். கரைக்கு முதுகைக் காட்டியபடியே வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, இருங்கள் என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிறகு கட்டிய புடவையோடு கடலுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.