காலி கேரியரின் தாளம்

என் கணவருக்கு நேற்றோடு வேலை போய்விட்டது. இன்று காலை கம்பெனிச் சங்கு ஊதியபோது, பழக்கதோஷத்தில் அவருடைய டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மூடி நழுவிக் கல்லில் விழுந்தது. அந்தச் சத்தத்தில், சின்ன வயதில் ஓசூரில் நாங்கள் இருந்த லைன் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது என் அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடியிருந்தார்கள். களி கிண்ட மாவுகூட இல்லை. அப்பாவோ காலி கேரியரை மடியில் கவிழ்த்துத் தாளம் போட்டுக் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்.

“அடுப்புல ஒண்ணுமில்ல, உங்களுக்குப் பாட்டு கேக்குதா?” என்றாள் அம்மா.

“எனக்கே புரியல புள்ள. பயந்துக்கிட்டேதான் ஜெபம் பண்ணேன். எந்திரிச்சா மனசு நெறைஞ்சு கெடக்குது. ஆண்டவர் நம்மள விட்டுடல, அது மட்டும் தெரியுது.”

அம்மா முறைத்தாள். பிறகு ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளும் கூடப் பாடினாள்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா எட்டிப் பார்த்து என்னிடம், “அப்பாவுக்கு வேலை கெடைச்சிருச்சா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அப்பாவுக்கு அன்று மனசு எப்படி நிறைந்தது என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. கல்லில் கிடந்த மூடியை எடுத்துத் துடைத்தேன். என் மகள் பின்னால் வந்து நின்றாள்.

“ஏம்மா பாடற? அப்பாவுக்கு வேலை கெடைச்சிருச்சா?”