கேட்டவர்தான் ஆட வேண்டும்

ஆதப்பன் பினாங்கிலிருந்து பனையப்பட்டிக்குத் திரும்பி வந்தபோது சொந்தக்காரர்களுக்கெல்லாம் பீங்கான் கோப்பையும் தைலமும் கொண்டுவந்தான். தனக்கென்று கொண்டுவந்தது ஒரே ஒரு இசைத்தட்டு. வெள்ளைக்காரர்களின் ஆட்டப் பாட்டு. கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு ஓடும். அதைப் போட்டுக் கேட்க வீட்டில் கிராமபோன் இல்லை. தட்டு பட்டு வேட்டிகளுக்கு நடுவே தூங்க, ஆதப்பன் குளிக்கும்போதும் எண்ணெய் தேய்க்கும்போதும் அந்தப் பாட்டை வாயாலேயே வாசித்துத் திரிந்தான். "பப்பப் பாப், பப்பப் பாப்" என்ற சத்தத்தைக் கேட்ட அவன் மனைவி தெய்வானை, வாயுத் தொந்தரவு என்று நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அவனும் மறுபேச்சில்லாமல் குடித்தான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் வைகாசியில் தெய்வானையின் அண்ணன் ராமசுப்பிரமணியன் மகளுக்கு விராச்சிலையில் கல்யாணம். கறம்பக்குடி அடைக்கலத்தின் மைக் செட் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஆதப்பன் இசைத்தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினான்.

அடைக்கலம் லேசுப்பட்ட ஆள் இல்லை. தட்டு ஓடும்போது எவனாவது வந்து பாட்டுக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மாப்பிள்ளை வீட்டு மைனர் ஒருத்தர் பந்தலின் அந்தக் கோடியிலிருந்து விரலைச் சொடுக்கியதற்காக, காலை முழுக்க அவர் கேட்ட பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போட்டான்.

ஆதப்பனுக்கு இதெல்லாம் தெரிந்த மரியாதைதான். சாப்பாட்டுப் பந்தி முடிந்து, ஊசி தட்டைவிட்டு எழும்பும்வரை ஓரமாக நின்றான். பிறகு வெற்றிலைத் தட்டை நீட்டி மெதுவாக விஷயத்தைச் சொன்னான்.

"ஊரார் தட்டுல என் ஊசி படாதுங்க" என்றான் அடைக்கலம்.

"சரிங்க. முடியாதுன்னா சிரிச்சுக்கிட்டே போயிரணும், அதுதான் மொறை" என்று ஆதப்பன் திரும்பினான்.

அடைக்கலத்துக்கு இப்படி ஒருவரும் பதில் சொன்னதில்லை. "இருங்க செட்டியாரே. யாரு சொன்ன மொறை?"

"பினாங்குல, ஆட்டக் கொட்டகையில. பேண்டு வாசிக்கிற மணிலாக்காரரு சொன்னாரு. பாட்டு ஓடுறப்பக் கேக்கக்கூடாது. ஒரு ஆளு ஒரு பாட்டுதான். கேட்டுப்புட்டு உக்காந்திருந்தா வாசிக்கிறவரை அவமானப்படுத்துன மாதிரி. கேட்டவருதான் மொதல்ல ஆடணும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. அதற்குள் அந்த முறை பிடித்துப்போன அடைக்கலம் தட்டை வாங்கி வைத்து, மைக்கைக் கையில் எடுத்துவிட்டான்.

"பனையப்பட்டி ஆதப்பன் செட்டியார் பிரியப்பட்டுக் கேட்ட பாட்டு! கேட்டவரே வந்து ஆடுவார்!"

வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் வழியாக இது ஊர் முழுக்கப் போயிற்று. உண்ட மயக்கத்தில் சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ராமசுப்பிரமணியன் வாயில் வெற்றிலையோடு, "ஏய் மாப்ள!" என்று கத்த முயன்றார். அதற்குள் பாட்டு துள்ளிக் குதித்துவிட்டது.

ஜோடி இல்லாமல் ஆட முடியாத ஆட்டம் அது. ஆதப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் இருந்தது வளவு முற்றத்தின் தேக்குத் தூண். வேட்டியை மடித்துக் கட்டினான். தூணை ஒரு கையால் பிடித்தான். தூண் சுற்றாது என்பதால் அதன் பங்குக்கும் சேர்த்துத் தானே சுற்றினான். முன்னே உதைத்தான், பின்னே சறுக்கினான், எட்டிப் போய்த் தாவி வந்து பிடித்தான். குழந்தைகள் வீறிட்டுச் சிரித்தன. கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ, உடம்பு பஞ்சாகிவிட்டது அவனுக்கு.

பாட்டு முடிந்தது. பெண்கள் பக்கமிருந்து தெய்வானை எழுந்து வந்தாள். ஆதப்பன் மடித்துக் கட்டிய வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டான். அவள் அவனைத் தாண்டி நேராக அடைக்கலத்திடம் போனாள்.

"அதே தட்டை இன்னொரு தடவை போடுங்க."

"ஆச்சி, கேட்டவுக..."

"தெரியும். போடுங்க."

அவள் நாத்தனார் சேதுலட்சுமியை ஒரு கையால் இழுத்தாள், கல்யாணப் பெண்ணின் சித்தியை மறு கையால். வட்டம் கூடியது. வெள்ளைக்காரன் கொட்டுக்கு அவர்கள் கும்மி தட்டினார்கள். முதலில் கொஞ்சம் தடுமாறி, பிறகு பசக்கென்று ஒட்டிக்கொண்டது தாளம். கழுத்திருத் தாலிகள் குலுங்க, பட்டுச்சேலை சரசரக்க, வட்டம் வேகம் பிடித்தது. அந்த வட்டத்துக்கு வெளியே ஆதப்பன் துள்ளிக்கொண்டே ஓடினான். திட்ட வந்த ராமசுப்பிரமணியனின் வலது கால் தரையைத் தட்ட ஆரம்பித்திருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு என்பதால் மூன்றாம் தடவை சேதுலட்சுமி கேட்டாள், நாலாம் தடவை சம்பந்தியம்மாள் கேட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் திருமயம் கோட்டை தெரிந்ததும் தெய்வானை கேட்டாள்:

"பினாங்குல யாரு கூட ஆடுனீங்க?"

"நம்ம முருகப்பன் கூட. கொட்டகை வாசல்ல நின்னு பாத்துட்டு வந்து, நாங்க தங்கியிருந்த கிட்டங்கியில கதவைச் சாத்திக்கிட்டு ஆடுவோம்."

"முருகப்பன் அண்ணனா? அந்தத் தொந்தியோடயா? யாரு பொம்பள?"

"மாத்தி மாத்தி."

தெய்வானை சிரித்த சிரிப்பில் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, அடங்காமல், முன் சீட்டில் முட்டிக்கொண்டாள். ஆதப்பனும் சேர்ந்து சிரித்தான்.

மறுநாள் காலை சமையல்காரம்மாள் முத்துமாரியம்மாள் பால் கொண்டு வந்தபோது வளவுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளேயிருந்து இரண்டு குரலில் "பப்பப் பாப், பப்பப் பாப்" கேட்டது.

"ஆத்தாடி, கால மிதிக்கிறீங்க!"

"நீதான் அங்கிட்டுப் போற, இங்கிட்டு வரணும்!"