சிடி பிளேயருக்குப் போட்ட ஹீட்டர்

சேலத்தில் பழைய ஆடியோ சாமான் விற்கும் கடையில் அந்தக் கனத்த சிடி பிளேயரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்ணூறுகளில் ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவில் இதே மாதிரி ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று முதலாளி அதன் பக்கத்திலேயே ஹீட்டர் போட்டு வைப்பார். தொழிலாளர் வரிசையிலிருந்த எங்கள் லயன் வீட்டில் போர்வைகூடச் சொதசொதவென்றிருக்கும்.

ஒருநாள் எனக்கு மூச்சிரைப்பு முற்றியது. பங்களாவில் வேலை செய்த அம்மா முதலாளியிடம் கேட்டாள்: "ஏனுங்க, பாப்பாவுக்கு நொம்ப இழுக்குதுங்க. அந்த ஹீட்டரை இன்னிக்கு மட்டும் ஊட்டுக்குக் கொண்டுபோகட்டுங்களா?"

"பிளேயர் கெட்டுப்போனா நீயா வாங்கித் தருவே?" என்று சிரித்தார் அந்த ஆள்.

கடைக்காரர் பெருமையோடு சொன்னார்: "ஏற்காட்டு பங்களாவுலருந்து வந்ததுங்க. ஈரமே படாம வெச்சிருந்தாங்க. பாட வெக்கட்டுங்களா?"

"தெரியும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தேன்.